எத்தனை மீட்டர் விலகுகிறது? டிஜிட்டல் வரைபடங்களில் இடம் தவறும் விதங்கள்

வரைபட மென்பொருளில் இரண்டு லேயர்களை, அதாவது தகவல் அடுக்குகளை, ஒன்றன்மேல் ஒன்றாகத் திறக்கிறோம். ஒன்று செயற்கைக்கோள் படம், மற்றது எங்கிருந்தோ வந்த சாலைக் கோப்பு. படத்தில் தெரியும் சாலைகளின் மேல் கோப்பிலுள்ள கோடுகள் உட்காரவில்லை. பலரும் உடனே செய்வது, கோடுகளைப் பிடித்து இழுத்துப் பொருத்தமாகத் தோன்றும் இடத்தில் வைப்பது. அதற்குமுன் தூரம் அளக்கும் கருவியை எடுத்து, விலகல் எவ்வளவு, எந்தத் திசையில் என்று பார்த்துவிடுவது நல்லது. ஒன்றரை மீட்டரா, நூறு மீட்டரா, இருபது கிலோமீட்டரா, பாதி உலகமா? கோளாறு எங்கே என்பதை அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் இடத்தை எண்களாக எழுதும்போது நாம் அறியாமலே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. பூமி என்ன வடிவம், எவ்வளவு பெரியது என்று ஒரு கணித உருவம் தேவை. துருவங்களில் சற்றே தட்டையான அந்த உருவம்தான் எலிப்சாய்டு. அதை உண்மையான பூமியோடு எங்கே, எப்படிப் பொருத்துவது என்ற ஏற்பாடு டேட்டம். வளைந்த பரப்பிலிருந்து தட்டையான திரைக்கு இறக்கும் சூத்திரம் ப்ரொஜெக்ஷன். இவற்றோடு எந்த அச்சு முதலில், எந்த அலகு என்ற சில்லறை விஷயங்களும் உண்டு. சில்லறைதான், ஆனால் வேலை நாளை அதிகம் தின்பவை அவையே. இவற்றில் எது பிசகினாலும் புள்ளி நகரும். எவ்வளவு நகரும் என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பாதி உலகம் தள்ளிப் போனால்

மிகப் பெரிய விலகலுக்கு மிகச் சிறிய காரணம்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். பாரிஸ் நகரம் 48.86, 2.35. இதைத் திருப்பிப் படித்தால் புள்ளி சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் விழும். 90 டிகிரியைத் தாண்டிய தீர்க்கரேகை கொண்ட ஊர் என்றால் மென்பொருள் ஒரு பிழைச் செய்தியாவது காட்டும், ஏனென்றால் 90க்கு மேல் அட்சரேகை கிடையாது. இரண்டு எண்களுமே 90க்குக் கீழே இருந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது.

இந்தக் குழப்பத்துக்குப் பயனரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. மாலுமிகளும் நில அளவையாளர்களும் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். நிரலாளர்களோ கிடைமட்ட அச்சு முதலில், செங்குத்து அச்சு பிறகு என்று கணித வகுப்பில் கற்றவர்கள். இடத்தை எண்களாக எழுதும் முறைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஈபிஎஸ்ஜி பதிவேட்டில், 4326 என்ற வரையறையில் அட்சரேகைதான் முதலில். 2016இல் தரப்படுத்தப்பட்ட ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். இணையவழி வரைபடச் சேவைக்கான டபிள்யூஎம்எஸ் தரத்திலோ 1.1.1 பதிப்புக்கும் 1.3.0 பதிப்புக்கும் இடையே வரிசையே மாறியது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, படம் ஏன் வெறுமையாக வருகிறது என்று விழித்தவர்கள் ஏராளம்.

கினி வளைகுடாவில், பூமத்திய ரேகையும் பூஜ்ய தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் புள்ளிகள் குவிந்திருந்தால் அது வேறு நோய். அங்கே நிலம் கிடையாது, வானிலை மிதவை ஒன்று மிதந்ததுண்டு. வரைபடத் தொழிலில் இருப்பவர்கள் அந்த இடத்துக்குக் கேலியாக 'நல் (null) தீவு', அதாவது வெற்று மதிப்புத் தீவு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலியான கட்டங்களை ஏதோ ஒரு நிரல் பூஜ்யமாக நிரப்பியிருக்கும். இன்னொரு வழியிலும் அங்கே போய்ச் சேரலாம். கோப்பில் இருப்பவை டிகிரிகள், மென்பொருளோ அவற்றை மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அப்போது உலகம் முழுவதும் 360 மீட்டர் அகலமும் 180 மீட்டர் உயரமுமாகச் சுருங்கி அந்தக் கடலில் மிதக்கும். திரையை வெகுவாகப் பெரிதாக்கினால் கண்டங்களின் உருவம் அப்படியே தெரியும்.

சீட்டை மாற்றுவதும் சரக்கை மாற்றுவதும்

இங்கேதான் மென்பொருள் பழகுவோர் அதிகம் தடுமாறும் இடம் வருகிறது. க்யூஜிஐஎஸ் என்ற திறந்த மூல வரைபட மென்பொருளில் ஒரு லேயருக்கு ஆயத்தொலைவு முறையை (எண்களை எந்த டேட்டத்தில், எந்த ப்ரொஜெக்ஷனில், எந்த அலகில் படிப்பது என்ற ஏற்பாட்டை) 'அமைப்பது' ஒரு வேலை. அந்த லேயரை வேறு முறைக்கு 'மாற்றுவது' முற்றிலும் வேறு வேலை. முதலாவது, கோப்பிலுள்ள எண்களைத் தொடாது. இந்த எண்கள் இன்ன முறையில் எழுதப்பட்டவை என்று மென்பொருளுக்குச் சொல்வதோடு சரி. இரண்டாவது, ஒவ்வொரு எண்ணையும் கணக்கிட்டுப் புதிதாக எழுதும். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத் தரவுத்தளத்தில் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி, எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் என்று இரண்டு கட்டளைகள் இருப்பதும் இதற்காகத்தான். உப்பு டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்காது. ஆனால் மென்பொருள் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை, சீட்டை அப்படியே நம்பும்.

லேயர்கள் வெவ்வேறு முறைகளில் இருந்தாலும் திரையில் காட்டும்போதே மாற்றிப் பொருத்திவிடும் வசதி இன்று பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அருமையான வசதி. அதுவே நோயை மறைக்கவும் செய்கிறது. எல்லாச் சீட்டுகளும் சரியாக இருந்தால் எல்லாம் பொருந்தும். ஒன்று தவறாக இருந்தால், பொருந்தாத அந்த ஒன்றைப் பார்த்து மாற்ற வேண்டியது சீட்டையா எண்களையா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையோடு, அதன் ஆயத்தொலைவு முறையைச் சொல்ல வரும் சிறிய பிஆர்ஜே கோப்பு வழியில் தொலைந்துபோயிருந்தால், மென்பொருள் ஏதோ ஒன்றை ஊகித்து வைத்துக்கொள்ளும். அந்த ஊகத்தை உறுதியென்று எடுத்துக்கொண்டு 'மாற்று' பொத்தானை அழுத்தினால், தவறான சீட்டை நம்பி எண்களையும் கெடுத்துவிட்டோம் என்று பொருள். பிறகு மூலக் கோப்பைத் தேடி ஓட வேண்டியதுதான்.

நூறு மீட்டர்

விலகல் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்து, ஊர் முழுக்க ஏறக்குறைய ஒரே திசையில் இருந்தால், சந்தேகப்பட வேண்டியது டேட்டத்தை. இது இந்தத் துறையில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி என்பது என் கணிப்பு.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூமியின் மேல் ஏற்கெனவே இருக்கும் கோடுகள், நாம் அவற்றைப் படித்துக்கொள்கிறோம் என்றுதான் பள்ளியிலிருந்தே நினைத்துவருகிறோம். உண்மையில் அவை ஒரு எலிப்சாய்டின் மேல் வரையப்பட்டவை. செயற்கைக்கோள்களுக்கு முன் ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்புக்கு நெருக்கமாகப் பொருந்தும் எலிப்சாய்டை வைத்துக்கொண்டது. கணக்கிட்டவரின் பெயரும் ஆண்டும் சேர்ந்தே அவற்றின் பெயர்: பிரிட்டனுக்கு ஏய்ரி (Airy) 1830, இந்தியாவுக்கு எவரெஸ்ட் 1830, ஜப்பானுக்கும் ஐரோப்பாவின் பல பகுதிகளுக்கும் பெஸ்ஸெல் 1841, வட அமெரிக்காவுக்கு கிளார்க் 1866. உருவத்தைத் தேர்ந்த பிறகு, ஒரு புள்ளியில் நட்சத்திரங்களை நோக்கி இடத்தை நிர்ணயித்து, அங்கே எலிப்சாய்டைப் பூமியோடு பிணைத்தார்கள். வட அமெரிக்காவின் 1927 டேட்டத்துக்கு அந்தப் பிணைப்புப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தின் மீட்ஸ் ராஞ்ச் என்ற மேய்ச்சல் நிலத்தில் இருந்தது. இந்த உள்ளூர் எலிப்சாய்டுகளின் மையம் பூமியின் மையத்தோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் அன்று யாருக்கும் இல்லை. தங்கள் நாட்டில் பொருந்தினால் போதுமென்று இருந்தது.

நட்சத்திரங்களை நோக்குவதற்குச் செங்குத்து எது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டுவது தூக்குக்குண்டு அல்லது பாதரசத்தின் சமதளம், அதாவது புவியீர்ப்பு. நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தியும் மலைகளும் அந்த ஈர்ப்பைச் சிறிது சாய்த்துவிடும். இதன் புகழ்பெற்ற விளைவு கிரீன்விச்சில் இருக்கிறது. அங்கே தரையில் பதித்திருக்கும் பூஜ்யக் கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ் பார்த்தால் பூஜ்யம் காட்டாது, மேற்கே ஐந்து விகலை (டிகிரியின் 3600இல் ஐந்து பங்கு) அளவுக்குக் காட்டும். இன்றைய பூஜ்யத் தீர்க்கரேகை அந்தக் கோட்டுக்கு 102 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளர்கள் தவறாக அளந்துவிடவில்லை. அவர்கள் அளந்தது உள்ளூர்ச் செங்குத்தை வைத்து, செயற்கைக்கோள் அளப்பது பூமியின் மையத்தை வைத்து.

டோக்கியோவில் பழைய டேட்டத்துக்கும் உலகளாவிய முறைக்கும் இருந்த வித்தியாசம் நானூறு மீட்டருக்கும் மேல். ஜப்பான் சட்டத்தையே திருத்தி, 2002இல் புதிய டேட்டத்துக்கு மாறியது. கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நின்றன, நாடு முழுவதற்கும் எண்கள் மாறின.

இன்று நாம் கைபேசியில் பார்க்கும் எண்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய முறையில் வருபவை. அதன் எலிப்சாய்டுக்குப் பூமத்திய ரேகையில் ஆரம் 6378137 மீட்டர், தட்டையாதல் விகிதம் 1/298.257223563. வட அமெரிக்காவின் 1983 டேட்டமான நாட் 83 பயன்படுத்துவது ஜிஆர்எஸ் 80 என்ற எலிப்சாய்டை. அதற்கும் ஆரம் அதே 6378137தான். துருவ ஆரத்தில் மட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் நாட் 83இன் மையம் பூமியின் மையத்திலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. எலிப்சாய்டு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தும் புள்ளிகள் ஒன்றிரண்டு மீட்டர் விலகும். எலிப்சாய்டு வேறு, டேட்டம் வேறு என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைக்காது.

ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ப்ரொஜெக்ஷன் மாற்றம்போல ஒரே விடை உள்ள கணக்கு அல்ல. மையத்தை மூன்று திசைகளில் நகர்த்துவது எளிய வழி. நகர்த்தி, சுழற்றி, அளவையும் சற்று மாற்றும் ஏழு எண் முறை அதைவிட மேல். ஆனால் பழைய அளவை வலைப்பின்னல்கள் சங்கிலியும் கோணமானியும் கொண்டு துண்டுதுண்டாகக் கட்டப்பட்டவை. அவற்றின் பிழைகள் இடத்துக்கு இடம் வேறுபடும், எந்த ஒற்றைச் சூத்திரத்துக்கும் அடங்காது. அதனால்தான் நாடுகள் கட்டம்கட்டமாகத் திருத்த மதிப்புகளைக் கொண்ட கோப்புகளை வெளியிடுகின்றன. அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லையென்றால் மென்பொருள் எளிய சூத்திரத்துக்கு இறங்கிவிடலாம், சில சமயம் சத்தமில்லாமல். பெரும்பாலான திறந்த மூல வரைபட மென்பொருள்களுக்கு அடியில் வேலை செய்யும் புரோஜ் நூலகம் நெடுங்காலம் எல்லா மாற்றங்களையும் டபிள்யூஜிஎஸ் 84 வழியாகவே செலுத்திவந்தது. 2019இல் வந்த ஆறாம் பதிப்புக்குப் பிறகு நேர்வழி மாற்றங்களைத் தேடி, அவற்றின் துல்லியத்தை வைத்து வரிசைப்படுத்துகிறது. க்யூஜிஐஎஸ் திடீரென்று ஒரு பெட்டியைத் திறந்து எந்த மாற்றம் வேண்டும் என்று கேட்பது இதனால்தான். முதல் வரியைச் சொடுக்கிவிட்டுக் கடந்துபோகாமல், எதிரே இருக்கும் துல்லிய மதிப்பையும் அது செல்லுபடியாகும் பகுதியையும் பார்ப்பது பயன் தரும்.

வேண்டுமென்றே விலக்கப்பட்ட முறையும் ஒன்று உண்டு. சீனாவில் பொது வரைபடங்களுக்குக் கட்டாயமான ஜிசிஜே 02, ஆயத்தொலைவுகளைச் சில நூறு மீட்டர் வரை கலைத்துவிடுகிறது. விலகல் இடத்துக்கு இடம் மாறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே செயற்கைக்கோள் படமும் சாலைகளும் பொருந்தாமல் தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஒன்றிரண்டு மீட்டர்

விலகல் இரண்டு மீட்டருக்குள் என்றால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். கண்டத் தட்டுகள் நகர்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நாட்டின் ஜிடிஏ 94 டேட்டம் கண்டத்தோடு ஒட்டியது, 1994இல் இருந்த நிலையில் உறைந்தது. 2020க்குள் அதற்கும் செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் 1.8 மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. ஜிடிஏ 2020 என்ற புதிய டேட்டம் அதற்காகவே வந்தது. சாலையில் எந்தத் தடத்தில் வண்டி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய கருவிக்கு 1.8 மீட்டர் என்பது தவறான தடம்.

டபிள்யூஜிஎஸ் 84 என்பதே ஒற்றை டேட்டம் அல்ல. 1994இல் ஜி 730 என்றும் அதன்பின் ஜி 873, ஜி 1150 என்றும் அது பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஜிக்குப் பின்னால் வருவது ஜிபிஎஸ் வார எண். ஈபிஎஸ்ஜி பதிவேட்டில் 4326 என்பது இந்தக் குடும்பம் முழுவதையும் குறிக்கிறது, ஆகவே அதன் துல்லியமே இரண்டு மீட்டர் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்பலை வேண்டுமென்றே மழுங்கடிக்கப்பட்டிருந்தது. அப்போது நூறு மீட்டர் பிழை சாதாரணம், இந்த இரண்டு மீட்டரை யாரும் பார்த்திருக்கவே முடியாது. இப்போது சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் கருவிகள் வயலுக்கும் கட்டுமானத் தளத்துக்கும் வந்துவிட்டன. அளந்த தேதி இல்லாத ஆயத்தொலைவு அவற்றைப் பயன்படுத்துவோருக்கு அரைகுறைத் தகவல்தான். ஷேப்ஃபைலின் பிஆர்ஜே கோப்பில் அந்தத் தேதியை எழுத இடமே இல்லை.

இதே அளவு விலகலுக்கு இன்னொரு அற்பக் காரணமும் உண்டு. அமெரிக்க நில அளவை அடிக்கும் பன்னாட்டு அடிக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஆயத்தொலைவு இருபது லட்சம் அடி என்று இருக்கும்போது புள்ளி நான்கு அடி நகர்ந்துவிடும்.

தட்டையாக்கும் தொல்லை

கோளப் பரப்பை நீட்டாமல், சுருக்காமல், கிழிக்காமல் தட்டையாக்க முடியாது. கணிதவியலாளர் காஸ் 1827இல் முன்வைத்த வளைவுத் தேற்றத்திலிருந்து இது நேரடியாக வருகிறது. ஆகவே பிழையில்லாத ப்ரொஜெக்ஷன் என்று எதையும் தேட வேண்டாம். கோணத்தைக் காப்பது, பரப்பளவைக் காப்பது, சில கோடுகளில் தூரத்தைக் காப்பது, இவற்றில் எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளலாம். கோணமும் பரப்பளவும் சேர்ந்து கிடைக்காது.

மெர்கேட்டர் 1569இல் வெளியிட்டது கோணத்தைக் காப்பது. மாறாத திசையில் ஓடும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும் என்பதால் மாலுமிகளுக்கு உகந்தது. விலையாகக் கொடுத்தது பரப்பளவை. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது, படத்திலோ இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும். இந்தக் குற்றச்சாட்டு உலகப் படத்தைப் பொறுத்தவரை முழுக்க நியாயமானது. நாடுகளுக்கு வண்ணம் தீட்டி மக்கள்தொகையோ காடுகளோ காட்டும் படத்துக்கு மெர்கேட்டரைப் பயன்படுத்துவது வாசகரை ஏமாற்றுவதே. மொல்வைடு, 2018இல் வந்த ஈக்வல் எர்த் போன்ற சமபரப்பு வகைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் இணைய வரைபடங்கள் ஏன் மெர்கேட்டரைப் பிடித்துக்கொண்டன என்பதற்கும் காரணம் இருக்கிறது. தெரு அளவுக்கு நெருங்கிப் போகும்போது கட்டடத்தின் மூலை எந்த நாட்டிலும் செங்கோணமாகத் தெரிய வேண்டும், வடக்கு எங்கும் மேலே இருக்க வேண்டும். இரண்டையும் மெர்கேட்டர் தருகிறது. துருவங்கள் முடிவிலிக்கு ஓடிவிடும் என்பதால் 85.0511 டிகிரியில் படத்தை வெட்டினார்கள். அந்த விசித்திர எண்ணுக்கு ஒரே காரணம், அங்கே வெட்டினால் உலகம் சரியான சதுரமாகிறது. சதுரத்தை நான்காகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் நான்காகவும் பிரித்துக்கொண்டே போகலாம். முதல் நிலையில் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரத் துண்டு, பூமத்திய ரேகையில் ஒரு பிக்சலுக்கு 156 கிலோமீட்டருக்கும் மேல். உலகத்தையும் தெருவையும் ஒரே ஏணியில் ஏறி இறங்க வைத்தது இந்த ஏற்பாடு. கூகுள் மேப்ஸ் 2018இல் கணினித் திரையில் வெகுவாகப் பின்வாங்கினால் உருண்டையைக் காட்டத் தொடங்கியது. பழைய குறைக்கு அது நியாயமான மருந்து.

இந்த இணைய மெர்கேட்டரில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. எலிப்சாய்டின் மேல் அளந்த அட்சரேகையை எடுத்து, பூமி முழு உருண்டை என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரத்தில் போடுகிறார்கள். கணக்கு வேகமாக முடியும், ஆனால் அளவைத் துறையினர் முகம் சுளித்தார்கள். ஈபிஎஸ்ஜி பதிவேடு முதலில் இதற்கு எண் தர மறுத்தது. நிரலாளர்கள் தாங்களாகவே 900913 என்று ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டார்கள், அந்த இலக்கங்களைக் கூகுள் என்று வாசிக்கலாம் என்பதற்காக. பின்னர் 3857 என்ற முறையான எண் வந்தது. 3857இல் எழுதிய கோப்பை எலிப்சாய்டுக்கான உண்மை மெர்கேட்டர் என்று, அதாவது 3395 என்று, தவறாகச் சீட்டு ஒட்டினால் 45 டிகிரி அட்சரேகையில் புள்ளிகள் நிலத்தில் சுமார் 21 கிலோமீட்டர் நகரும். வடக்கு தெற்காக மட்டுமே நகரும், கிழக்கு மேற்காக ஒரு மீட்டர்கூட நகராது. பூமத்திய ரேகையில் விலகலே இருக்காது. இப்படி ஒரு கைரேகையைப் பார்த்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

3857இல் நேரடியாகத் தூரமோ பரப்பளவோ கணக்கிடுவதுதான் அன்றாடம் நடக்கும் தவறு. அதன் அலகு மீட்டர் என்று எழுதியிருக்கிறது, அதனால் நம்பிவிடுகிறோம். 45 டிகிரியில் அந்த மீட்டர் 1.41 மடங்கு ஊதிப்போயிருக்கும், பரப்பளவு இரட்டிப்பாகியிருக்கும். 60 டிகிரியில் தூரம் இருமடங்கு, பரப்பளவு நான்கு மடங்கு. புள்ளியைச் சுற்றி ஐநூறு மீட்டர் வட்டம் வரையச் சொன்னால் நிலத்தில் 250 மீட்டருக்குத்தான் வரும். அளப்பதற்கு யுடிஎம் போன்ற உள்ளூர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது எலிப்சாய்டின் மேலேயே அளக்கச் சொல்லலாம். க்யூஜிஐஎஸ்ஸின் அளவுக்கருவியும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் ஜியோகிராஃபி வகையும் அதைச் செய்யும்.

யுடிஎம் உலகை ஆறு டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையின் நடுக்கோட்டிலும் அளவு 0.9996ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது, அதாவது கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறைவு. நடுவில் சற்றுக் குறைத்தால் ஓரங்களில் சற்றுக் கூடி, பட்டை முழுக்கப் பிழை தாங்கும் அளவில் நிற்கும். கவனிக்க வேண்டியது, எல்லாப் பட்டைகளிலும் எண்கள் ஒரேமாதிரி தொடங்குகின்றன. பட்டை எண்ணைத் தவறவிட்டால் புள்ளி ஆறு டிகிரி கிழக்கிலோ மேற்கிலோ போய் விழும், பூமத்திய ரேகையருகே அது ஏறக்குறைய 670 கிலோமீட்டர்.

உயரம்

இதுவரை பேசியதெல்லாம் கிடைமட்டம். உயரத்துக்கென்று தனி டேட்டங்கள் உண்டு. ஜிபிஎஸ் அளப்பது எலிப்சாய்டிலிருந்து உயரம். நாம் சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து, அதாவது ஈர்ப்பு வரையறுக்கும் ஜியாய்டு என்ற மேடுபள்ளமான பரப்பிலிருந்து. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இந்தியப் பெருங்கடலில் எலிப்சாய்டுக்குக் கீழே நூறு மீட்டருக்கும் மேல், நியூகினி பக்கத்தில் மேலே எண்பது மீட்டருக்கும் மேல். கடல்மட்டமும் ஒன்றல்ல, நாடுகள் வெவ்வேறு துறைமுகங்களில் அதை அளந்து வைத்திருக்கின்றன. ரைன் நதியின் மேல் லாஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது, ஒரு நாட்டின் உயரம் வடகடலையும் மற்றதன் உயரம் மத்தியதரைக் கடலையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, கணக்கிலும் சேர்த்தார்கள். கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறிவிட்டது. 2003இல் பார்த்தபோது இரு பக்கங்களும் 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வோடு நின்றன, ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

மென்பொருளிலோ 4326 என்ற எண் உயரத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை, அது இரு பரிமாண முறை. எலிப்சாய்டு உயரத்தோடு சேர்ந்த முப்பரிமாண முறைக்கு எண் 4979. ஆகவே 4326 என்று சீட்டு ஒட்டிய கோப்பில் உயரம் என்று ஒரு நெடுவரிசையைப் பார்த்தால், அது எலிப்சாய்டிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா, அப்படியானால் எந்தக் கடல்மட்டம் என்பதைக் கோப்பை உருவாக்கியவரிடம்தான் கேட்க வேண்டும்.